மொழிப் பிறப்பும் மலாட்டு வழக்கும்

மக்கட்கு மொழி எங்ஙனம் வாய்த்தது என்னும் வினா, அறிவுடையோர் உள்ளத்தைத் தொன்றுதொட்டு அலைத்துவரும் வினாக்களுள் ஒன்றாம். இதனை ஆராய்வார் பலரும் தத்தம் மொழியினையே முதற்கண் நிறுத்தி ஆராயத் தலைப்படுதலின், ஆராய்ச்சி பெரும்பாலும் தம்மொழிப் புகழ் கூறுதலாய் முடிதல் கண்கூடு. தமிழகத்துச் சைவ மேடைகளிலும் நூன்முகவுரைகளிலும் இவ்வினாவிற்கு வழங்கப்படும் விடைகள் இருதிறத்தன. தமிழ் சிவபெருமானால் முழுவடிவிற் செய்தளிக்கப்பட்டது. ஆகலின் அது திரிபிலது. திரிந்து வழங்குவனவெல்லாம் இழுக்கு என்பது ஒன்று. தமிழ் இயற்கையொலிகளினின்று தானே முளைத்தது. அதன் ஒவ்வொரு சொற்கும் வேர் காட்டலாம். உலக மொழிகளெல்லாம் அதன் கிளைகளே என்பது மற்றொன்று. ஒருவரே காலையில் முன்னதனையும் மாலையிற் பின்னதனையும் எடுத்துப் பேசுதலும் அரிதன்று. இவ்விரு கொள்கைகளையும் கள்ளக்குறிச்சி நாட்டு வழக்கோடும் அதன் மேல்பால் நிற்கும் கல்வராயன் மலைவாழ்நர் வழக்கோடும் வைத்து நோக்குமிடத்து, இரண்டும் குறைபாடுடையன என்பதும், சைவசித்தாந்த நூல்கள் இவ்விரண்டற்கும் இடங்கொடுத்தில என்பதும் புலனாகும்.

இந்நாட்டினை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2019-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சியைத் தலைநகராகக் கொண்டு ஒரு தனி மாவட்டம் வகுக்கப்பட்டது. அவ்வூர்க்குக் கிழக்கே அட்டவீரட்டங்களுள் ஒன்றும் மெய்ப்பொருள் நாயனார் ஆண்டதுமாகிய திருக்கோவலூரும், நம்பியாரூரர் தோன்றியருளிய திருநாவலூரும், மெய்கண்டதேவர் சிவஞானபோதம் அருளிச்செய்த திருவெண்ணெய்நல்லூரும் உள்ளன. மேற்கே சேலத்து எல்லைவரை கல்வராயன் மலை பரந்து கிடக்கின்றது. சித்தாந்த சாத்திரம் பிறந்த நிலமும், சாமையும் தினையும் விளைத்து வாழும் மலைமக்களின் நிலமும் ஒருநாட் பயணத்துள் அடங்கியிருத்தல் வேறெவ்விடத்தும் காண்டற்கு எளிதன்று.

முதற்கொள்கையினர் தமக்கு அரணாகக் காட்டுவன புராணக் கூற்றுக்கள். மாதவச் சிவஞான முனிவர் 18-ஆம் நூற்றாண்டிற் பாடிய காஞ்சிப் புராணத்தில், இறைவன் வடமொழியைப் பாணினிக்கும் தென்மொழியை அகத்தியர்க்கும் உணர்த்தியருளினான் என வருவது அவற்றுள் தலைசிறந்தது. அக்கூற்றினை ஊன்றி நோக்குவார்க்கு அது மொழியின் பிறப்பினைக் கூறுவதன்று என்பது இனிது விளங்கும். பாணினியும் அகத்தியரும் இலக்கணநூல் செய்தோர். இலக்கணங் கேட்க வந்தவன் முன்னரே பேச வல்லவனாதல் வேண்டும். அவன் பேசிய மொழியும் முன்னரே மக்கள் நாவில் வழங்கியதாதல் வேண்டும். பால் கறந்த பின்னரன்றித் தயிர் தோய்த்தல் கூடுமோ? முனிவர் ஆண்டுக் கூற எடுத்துக்கொண்டது இருமொழியும் ஒப்பப் பெருமையுடையன என்பதே. அதனை விடுத்து, ஒலியும் சொல்லும் வானினின்று வீழ்ந்தனபோலக் கொள்ளுதல் முனிவர் கருத்தைத் திரித்தலாம். சொல்லின் திரிபைப் பழிக்கும் அன்னோர் பொருளைத் திரித்தற்கு அஞ்சாமை வியப்பே.

இனி, ஒலியின் இயல்பு குறித்துச் சித்தாந்த நூல்கள் கூறுவன இக்கொள்கைக்கு நேர்மாறாயின. சொல்லுலகம் முழுவதும் சுத்தமாயையின் காரியம், மாயையோ சடம். அதனின்று தோன்றும் வாக்கு சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நால்வகைப்படும் என்பதனைச் சிவஞானசித்தியார் சுபக்கம் விரித்துரைக்கின்றது. வைகரியாவது உயிர்ப்புக் காற்றின் உந்துதலால் வாயினின்று வெளிப்பட்டுத் தன்செவிக்கும் பிறர்செவிக்கும் கேட்கப்படுவது. மத்திமையாவது எழுத்துக்கள் உள்ளே முறைப்பட நின்று புறஞ்செவிக்குக் கேளாதது. பைசந்தியாவது எழுத்துக்கள் வேறு பிரியாமல், மயிலின் முட்டைநீரிற் பீலியின் பலநிறமும் அடங்கிக் கிடந்தாற்போல நிற்பது. இவ்வுவமை நுண்ணிதின் உணரற்பாலது. முட்டைநீரில் நீலம் எது, பொன்மை எது எனப் பிரித்தறிதல் இயலாது. அங்ஙனமே பைசந்தியில் எழுத்தென்று பிரித்தறிய ஒன்றுமின்மையின், தமிழென்றும் தெலுங்கென்றும் வடமொழியென்றும் வேறுபாடு காண்டற்கும் ஆண்டு இடமில்லை. மொழிவேற்றுமை தோன்றுவது மத்திமையினும் வைகரியினும் ஆம். வைகரியோ நாவும் பல்லும் இதழும் அண்ணமும் கருவியாகப் பிறப்பது. கருவி உடம்பைச் சார்ந்தது. உடம்பு காலத்தையும் இடத்தையும் சார்ந்தது. இவ்வளவிற் பிறப்பதொன்று திரிபின்றி நிற்கும் என்பார் சித்தாந்தத்தைக் கற்றவரெனப்படார்.

அன்றியும், அருணந்தி சிவாசாரியர் அதே நூலின் பரபக்கத்தில் சத்தப்பிரமவாதியின் மதத்தை எடுத்துக்கூறி மறுத்திருத்தலும் நினைக்கத்தக்கது. சொல்லே பிரமம், சொல்லின் விரிவே உலகம் என்பது அவ்வாதியின் துணிபு. ஒலி சடமாகலின் அது முதற்பொருளாகாது என்பது சித்தாந்தத் துணிபு. ஒரு மொழியின் ஒலிகளையே தெய்வமாக்கி, அவை அணுவளவும் மாறா என்பார், தாம் சைவர் எனக் கூறிக்கொண்டே சத்தப்பிரமவாதியின் வாயிலிற் சென்று நிற்கின்றனர். வேதாகமங்கள் இறைவன் வாக்கு என்பதனால் இதற்கு யாதும் முரண் இல்லை. இறைவன் அருளுவது மெய்யுணர்வு. அதனைத் தாங்கிவரும் ஒலிவடிவம் கேட்போர்க்கு ஏற்றது. திருமுறை ஆசிரியர்கள் தத்தம் காலத்துத் தமிழிலேயே பாடியருளினர். அப்பாடல்களிற் பயிலும் வினைமுற்றுக்களும் இடைச்சொற்களும் பல இற்றைநாட் பேச்சில் இல்லை. அவற்றிற்கு அரும்பதவுரை வேண்டியிருத்தல் ஒன்றே மொழி மாறிற்று என்பதற்குப் போதிய சான்று. அதனால் திருமுறையின் அருள்வலி குறைந்தது என்பார் ஒருவரும் இலர்.

இரண்டாங் கொள்கைக்கு நிலைக்களனாய் நிற்பவை மொழிஞாயிறு தேவநேயப் பாவாணரின் நூல்கள். அவர் 1940-இல் ஒப்பியன் மொழிநூலையும் 1953-இல் முதற்றாய்மொழியையும் வெளியிட்டார். பின்னது வெளிவந்த ஞான்று அவர் சேலத்துக் கல்லூரியில் தமிழாசிரியர். அதாவது கல்வராயன் மலையின் மறுபுறத்தே இருந்தார். மொழி தெய்வப் படைப்பன்று, மக்களின் படிப்படியான ஆக்கம் என்பதனை அவர் தயங்காது கூறினார். உணர்ச்சியொலி, விளியொலி, ஒப்பொலி, குறிப்பொலி, வாய்ச்செய்கையொலி, குழவி வளர்ப்பொலி, சுட்டொலி எனத் தொடக்கவொலிகளை எழுவகையாகப் பகுத்த பகுப்பு, மேனாட்டார் செய்த பகுப்புக்களினும் தெளிவுடையது. சுட்டொலிகளைப் பற்றி அவர் எழுதியன இன்றும் பயிலத்தக்கன. சேய்மைக்கும் அண்மைக்கும் இடைநிற்பதனைச் சுட்டும் உகரச்சுட்டு தமிழகப் பேச்சில் மறைந்தொழிந்தது; யாழ்ப்பாணத்துச் சைவர் வீடுகளிலோ 'உவன்', 'உது', 'உங்கே' என இன்றும் வழங்குகின்றது. ஏட்டில் மட்டும் உள்ளதெனக் கருதப்பட்ட ஒன்று கடல்கடந்த தமிழர் நாவில் வாழ்தல் பாவாணர் கூற்றிற்கு வலிவு தருவதே.

எனினும், சுட்டின் வேரினின்று பெரும்பாலான சொற்களையும், அச்சொற்களினின்று உலகத்து மொழிகளையும் வருவிக்கப் புகுந்தவிடத்து அவர் வழி செங்குத்தான மலைவழியாயிற்று. ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாகுமாயின், ஜார்ஜிய மொழியினர் தந்தையை 'மாமா' எனவும் தாயை 'தேதா' எனவும் அழைத்தற்கு என் கூறுவது? ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் 'மாமா' தாயைக் குறிக்கும். தமிழில் அது தாயுடன் பிறந்தானைக் குறிக்கும். இதழ்களைச் சேர்த்துப் பிரித்தல் குழவிக்கு எளிதாகலின் அவ்வொலி எங்கும் பிறக்கின்றது. பிறந்த ஒலிக்குப் பொருள் வகுப்பவர் அவ்வவ்விடத்துப் பெரியோர். ஒப்பொலியும் இத்தகையதே. சேவலின் கூவலைத் தமிழர் 'கொக்கரக்கோ' என்பர். பிரெஞ்சுக்காரர் 'கோகோரிகோ' என்பர். செருமானியர் 'கிக்கெரிகி' என்பர். ஆங்கிலேயர் 'காக்-எ-டூடுல்-டூ' என்பர். சேவல் எந்நாட்டினும் சேவலே. கேட்பவர் காதுமட்டும் தத்தம் மொழியின் வார்ப்பில் வார்க்கப்பட்டிருக்கின்றது.

ஆசிரியர் தொல்காப்பியனார் உரியியலில், எல்லாச் சொல்லும் ஏதேனும் ஒரு காரணம் பற்றியே வந்தன என்பார்போலத் துணியாது, சொற்பொருளின் காரணம் விளங்கத் தோன்றாது என்று எச்சரித்துவைத்தார். அவ்வெச்சரிக்கையை மறந்தார் படும் பாட்டிற்குக் கல்வராயன் என்னும் பெயரே எடுத்துக்காட்டு. 'கல்' என்பதினின்று அதனை வருவிப்பாரும், 'கள்வர்' என்பதினின்று வருவிப்பாரும் உளர். லகரமும் ளகரமும் தமிழில் வேறுவேறெழுத்து என்பதனை மறந்தாலன்றி இவ்விரண்டும் ஒருங்கு நில்லா. கள்ளக்குறிச்சியைக் 'கல்லை' எனக் குறுக்கி வழங்குவார் அவ்வூர்ப் பெயரின் முதலிலும் கல்லையே காண்கின்றனர். கதை சுவையுடையதாதல் வேறு, மெய்யாதல் வேறு. குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊர்க்குரிய பெயர் என்பது மட்டும் இலக்கண நூலார் யாவர்க்கும் உடன்பாடு. மலையடிவாரத்து ஊர் ஒன்று அப்பெயர் தாங்குதல் பொருத்தமே.

மொழியின் முதற்பிறப்பினை நேரே கண்டார் இலர். ஒலி காற்றிற் கரைவது. எலும்பும் கல்லும் போல மண்ணிற் புதைந்து கிடப்பதன்று. 1866-இல் பாரிசு நகரத்து மொழியியற் கழகத்தார், மொழிப் பிறப்பைப் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை எனத் தம் சட்டத்திலேயே எழுதிவைத்தனர். அத்துணைக் கற்பனைகள் குவிந்திருந்தன. ஆயினும், முதற்பிறப்பு மறைந்ததேயன்றி, ஒவ்வொரு குழவியின்பாலும் மொழி பிறக்கும் பிறப்பு மறைந்ததன்று. அதனைச் சோதித்துப் பார்க்கத் துணிந்த மன்னரும் உளர். எகிப்திய மன்னன் சாமெட்டிக்கசு இரு குழவிகளைப் பேச்சுக் கேளாவண்ணம் வளர்ப்பித்தான் என்றும், அவை 'பெகோசு' என்றன என்றும், அது பிரிகிய மொழியில் அப்பத்தின் பெயராதலின் பிரிகியமே முதன்மொழி என அவன் முடிவு செய்தான் என்றும் ஏரோதோட்டசு எழுதினார். குழவிகளின் அருகே இருந்தவை ஆடுகள். ஆட்டின் கத்தலைக் கேட்டு ஒரு நாட்டின் தொன்மையை நிறுவிய முதல் ஆராய்ச்சியாளன் அவனே போலும். இறுதி ஆராய்ச்சியாளன் அவனல்லன்.

மொகலாய மன்னர் அக்பர் 16-ஆம் நூற்றாண்டில் அதனினும் கண்டிப்பான சோதனை நிகழ்த்தினார். குழவிகள் பல தனிமனையொன்றில் வாய்பேசாச் செவிலியரால் வளர்க்கப்பட்டன. சில ஆண்டு கழித்து மன்னர் சென்று பார்த்தபோது அவர்களிடம் ஊமையர் எழுப்பும் ஒலியன்றிச் சொல் ஒன்றும் தோன்றவில்லை என அபுல்பசல் வரைந்துள்ளார். அரபியும் தோன்றவில்லை, பாரசீகமும் தோன்றவில்லை, வடமொழியும் தோன்றவில்லை. கொடிய சோதனை, ஆயினும் அதன் விடை ஐயத்திற்கு இடந்தராதது. இதற்கு மறுதலையாய நிகழ்ச்சி அண்மைக் காலத்தே நடு அமெரிக்காவிலுள்ள நிக்கராகுவா நாட்டில் நிகழ்ந்தது. 1977-இல் மானாகுவா நகரிற் செவிகேளாச் சிறார்க்கெனப் பள்ளி ஒன்று அமைக்கப்பட்டது. வீடுதோறும் தனித்துக் கிடந்து, ஒருசில கைக்குறிகளன்றி வேறறியாத சிறார் ஆண்டுத் திரண்டனர். ஆசிரியர் இதழசைவு காட்டி ஸ்பானிய மொழி புகட்ட முயன்றனர், அது பயன்படவில்லை. சிறாரோ விளையாட்டிடத்தே தமக்குள் கைக்குறிகளைக் கலந்து ஒரு புதுமொழியை உண்டாக்கிக்கொண்டனர். பின்வந்த இளஞ்சிறார் அதனைக் கற்று, முன்னோரிடத்தில்லாத இலக்கணக் கட்டுக்களை அதன்கண் அமைத்தனர். யாரும் கற்பியாத முழுமொழி ஒன்று, அறிஞர் கண்காணப் பிறந்தது.

அக்பர் மனையிற் குழவிகள் பலவிருந்தும் மொழி பிறவாமைக்கும், மானாகுவாவில் பிறந்தமைக்கும் காரணம் யாது? அக்பர் மனையில் சூழ்ந்திருந்தோர் குறிப்பறிவித்தலையே விலக்கியிருந்தனர். குழவிகளோ மிகச் சிறியர். மானாகுவாச் சிறார் ஒவ்வொருவரும் வீட்டிற் சில குறிகள் பெற்று வந்தனர். ஒருவர்க்கொருவர் உணர்த்த வேண்டிய தேவையும் உடையராயிருந்தனர். ஆற்றல் உயிரின்கண் உண்டு. அது தானே விளங்காது. விளக்குவார் உளராயின் விளங்கும். இது திருவெண்ணெய்நல்லூரில் 13-ஆம் நூற்றாண்டிலேயே கூறப்பட்டதன்றோ? உயிர் அறிவுடையதேனும் அறிவிக்க அறிவது, காட்டக் காண்பது, சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது என்பது மெய்கண்ட சந்தானத்தார் யாவரும் நாட்டிய துணிபு. மெய்கண்டதேவர் மொழியாராய்ச்சி செய்யப் புகுந்தாரல்லர். பாசத்துட்பட்ட உயிரின் இயல்பினைக் கூறப் புகுந்தார். ஆயினும் அவ்வியல்பு மொழி கற்றலிலும் பொருந்துதல் வியக்கத்தக்கது. மொழி முழுவடிவிற் கொடுக்கப்பட்டதென்பாரும், தனியொருவன் இயற்கையொலி கேட்டுத் தானே புனைந்தானென்பாரும் இவ்வுண்மையை ஒருங்கே தவறவிட்டனர். முன்னவர் உயிரின் ஆற்றலை மறந்தனர். பின்னவர் அவ்வாற்றல் துணையின்றி விளங்காமையை மறந்தனர்.

இனித் திரிபினை நோக்குக. மலையமான் மரபினர் ஆண்டமையின் மலையமானாடு எனப்பட்ட இந்நாடு, நாவின் விரைவால் மலாடு ஆயிற்று. பின்னர் மிலாடு ஆயிற்று.  மலையமானாடு என முழுதும் கூறாமையால் மக்கள் பிழைபட்டார் என்பார் உளரோ? நம்பியாரூரர் பிறந்த நாவலூர், மக்கள் வழக்கில் திருநாமநல்லூர் என மாறிற்று. கோவலூர், கோயிலின் சிறப்பால் திருக்கோயிலூர் ஆயிற்று. கோவலர் மறைந்தனர், கோயில் புகுந்தது. திருவறையணிநல்லூர் அரகண்டநல்லூராய் நிற்கின்றது. பொருள் விளங்காத பழஞ்சொல்லைப் பொருள் விளங்கும் புதுச்சொல்லாக மாற்றிக்கொள்ளுதல் மக்கள் நாவின் இயல்பு. இலக்கணப் புலவர் ஒருவரும் கூடியிருந்து இம்மாற்றங்களைச் செய்திலர், தடுக்கவும் முடிந்திலது.

திருக்கோவலூர்க்கு அணித்தேயுள்ள ஜம்பை என்னும் ஊர்ப் பாறையில், தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த ஒற்றைவரிக் கல்வெட்டொன்று 1981-இல் கண்டெடுக்கப்பட்டது. கி. பி. முதல் நூற்றாண்டை ஒட்டியதென மதிக்கப்படும் அதன்கண், அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு பள்ளி அமைத்தளித்த செய்தி உளது. அசோகன் தன் கல்வெட்டிற் சோழ பாண்டிய சேரரோடு சேர்த்துக் கூறிய சதியபுத்திரர் யாவர் என நெடுங்காலம் நிகழ்ந்த வழக்கு, அதியமான் பெயர்க்கு முன் அப்பட்டம் இக்கல்வெட்டிற் காணப்பட்டமையால் தீர்ந்தது. வரலாற்றாசிரியர் மகிழ்ந்தது அது கொண்டு. மொழியாராய்வார் மகிழ்தற்குரியது வேறு. அப்பட்டம் பாகத வடிவில், தமிழுக்குரியதல்லாத சகர எழுத்தொடு பொறிக்கப்பட்டுள்ளது. எஞ்சிய சொற்கள் தமிழ். இந்நாட்டிற் கிடைத்த மிகப் பழைய தமிழ்வரிகளுள் ஒன்றே பிறமொழிச்சொல் ஒன்றைத் தலையிற் சுமந்து நிற்கின்றது. கொடைகுறித்து அதன்கண் வந்த வினை 'ஈத்த' என்பது. பிற்காலச் செய்யுள் 'ஈந்த' என்னும்; உரைநடை 'கொடுத்த' என்னும்; கள்ளக்குறிச்சிக் கடைத்தெரு 'குடுத்த' என்னும். இவற்றுள் எதனை இறைவன் கொடுத்த வடிவென்றும் எதனை இழுக்கென்றும் கொள்வது? 'ஈத்த' என்பதற்கு முன் வழங்கிய வடிவு ஒன்றும் இருந்திருத்தல் வேண்டுமன்றோ?

மலைவாழ்நர் செய்தி இதனினும் பாடம் மிகுந்தது. கல்வராயன் மலையிலும், சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளிலும் வாழும் பழங்குடியினர் மலையாளி எனப்படுவர். மலையை ஆள்வோர் என்னும் பொருளிற் பிறந்த இப்பெயரைக் கேட்டுச் சேரநாட்டு மலையாளிகளோடு அவர்களை மயங்கினாரும் உண்டு. அவர்கள் பேசுவது தமிழ். அவ்விரு மக்களுக்கும் ஒப்புமை பெயரளவிலேயே. ஒலியொப்புமை கொண்டு உறவு காட்டுவார்க்கு இதனினும் நல்ல எச்சரிக்கை வேறில்லை. தம் முன்னோர் காஞ்சிநகரினின்று வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவர் பிரிந்து வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்றும் அம்மக்கள் கூறுவர். தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட குலவரலாற்று நூலிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. இது வரலாறோ கதையோ, மொழி பிரியும் முறையை இதனினும் தெளிவாக எவரும் கூறியிரார். ஒரு தாய்வயிற்றுப் பிறந்தார் மூவர், மூன்று மலை ஏறினர், இடையே பள்ளத்தாக்குக்கள். பிரிந்த அன்று பேச்சு ஒன்றே. பேரர் காலத்தில் ஒருசில சொல் வேறுபடும். அவர் பேரர் காலத்தில் இசை வேறுபடும். கால்டுவெல் ஐயர் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திற் பெருநூலாக விரித்ததும், அவர்க்கு முன் எல்லிசு துரை 1816-இல் தொட்டுக்காட்டியதும் இதுவே.

இவ்விரு மலையாளியர்க்கும் இடையே நிகழ்ந்த வேறுபாட்டின் காரணத்தை ஆராய்தல் நன்று. மேலைக் கடற்கரைத் தமிழ், ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டு முதல் கல்வெட்டுக்களில் வேறுபட்டுத் தோன்றி, பின்னர்த் தனி எழுத்தும் தனி இலக்கியமும் தனி இலக்கணமும் பெற்று மலையாளம் ஆயிற்று. 'வந்தான்', 'வந்தாள்' எனத் தமிழ் பாலுணர்த்தும் இடத்து, அம்மொழி 'வந்நு' என்னும் ஒன்றாலேயே அமையும். கல்வராயன் மலைப்பேச்சோ தமிழாகவே நின்றது. மலை இரண்டிடத்தும் உண்டு. ஆகலின் மலைமட்டும் காரணமன்று. மேலைக்கரையார்க்குத் தனியரசும் தனிப்புலமையும் அமைந்தன. கல்வராயன் மலையார் கடுக்காயும் தேனும் சுமந்து கீழ்நாட்டுச் சந்தைக்கு இறங்கி, உப்பும் துணியும் கொண்டு ஏறினர். சந்தையின் பேச்சும் உடன் ஏறிற்று. இருநூறு கல் தொலைவிலுள்ள புலவர் அவைக்களம் அவர்கள் மொழியைக் காத்ததன்று. உப்பு வணிகன் காத்தான்.

இலக்கண நூலார் செந்தமிழ் நிலத்தைச் சூழப் பன்னிரு நிலங்களைக் கூறி, ஆண்டு வழங்குவன திசைச்சொல் என்றனர். உரையாசிரியர் அந்நிலங்களைப் பெயர்கூறி எண்ணினர். பின்வந்தார் அவற்றைக் கொடுந்தமிழ் நாடுகள் என்றனர். அப்பன்னிரண்டனுள் மலாடும் ஒன்று. மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட நாடு, வீரட்டம் நின்ற நாடு, கபிலர் பாடிய காரி ஆண்ட நாடு, இலக்கண வரம்பிற் கொடுந்தமிழ் நாடாயிற்று. கொடுமையாவது ஈண்டு வளைவு, தீமையன்று. வில் வளைந்திருத்தல் வில்லிற்குக் குற்றமாகாதவாறு போலக் கொள்க. திசைச்சொல்லையும் செய்யுட்குரிய நால்வகைச் சொல்லுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டவர் தொல்காப்பியனாரே; காலத்தோடு வந்து வழங்குஞ் சொல்லை விலக்கற்க என விதித்தவரும் அவரே. வரம்பு கட்டியவர் வாயில் வைத்தே கட்டினார். பிற்காலத்தார் அவ்வாயிலை அடைத்தனர்.

அடைத்ததனால் நேரும் கேடு ஏட்டளவில் நிற்பதன்று. கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகீர்தார்கள் ஆட்சியிற் கிடந்து, 1976-இல் அரசின் நேராட்சிக்கு வந்தது. வெள்ளிமலை முதலிய ஊர்களில் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஏற்பட்டபின் எழுத்தறிவு மலையேறிற்று. வீட்டில் ஒருவகைத் தமிழ் பேசும் பிள்ளை பள்ளியிற் புத்தகத் தமிழைக் காண்கின்றது. திரிந்ததெல்லாம் இழுக்கு என்னும் கொள்கையினர் அப்பிள்ளைக்கு ஆசிரியராய் வாய்ப்பின், அது தாய்பால் கற்ற முதற்சொல்லே பிழையெனக் கேட்டு வாயடைக்கும். வாயடைத்த பிள்ளை கற்பதெங்ஙனம்? அறிவிக்க அறியும் உயிர்க்கு முதன்முதல் அறிவித்தவள் தாய். அவள் மொழியை இகழ்ந்து, அதன்மேல் வேறு அறிவிப்பைக் கட்டுதல் அடித்தளம் பறித்து மாடம் எடுப்பதனோடொக்கும். புத்தகத் தமிழ் வேண்டாவென்பது இதன் கருத்தன்று. எந்நாட்டாரும் கூடிப் படித்தற்குப் பொதுவடிவம் ஒன்று இன்றியமையாதது. வீட்டுத்தமிழின் மேல் நின்றே அதனைக் கற்பித்தல் வேண்டும் என்பதே கூறப்படுவது. சைவர்க்கு இது புதிதன்று. காளத்தி மலையில் வேட்டுவர் மகனார் இறைவனோடு பேசிய பேச்சு வேட்டுவர் பேச்சே. சிவகோசரியார் ஓதிய மந்திரங்கள் வழுவற்றன. அவர்க்கு இறைவன் கனவிற்றோன்றி உணர்த்தியது, அவ்வேடர் மொழிகள் தனக்கு மந்திரத்தினும் இனியன என்பது. சேக்கிழார் இதனை விரித்துக் கூறிய பின்னரும், மலைமக்கள் பேச்சைக் கொச்சையெனச் சைவர் இகழின் பெரியபுராணத்தை எதற்கு ஓதுவது?

உரையாசிரியர் கொடுந்தமிழ் நாடுகட்குக் காட்டிய எடுத்துக்காட்டுக்கள் மிகச் சில. நாடொன்றுக்கு ஒன்றிரண்டு சொல்லே. குடநாட்டார் தந்தையை 'அச்சன்' என்ப என்றனர். அது இன்றும் மலையாள நாட்டில் வீடுதோறும் வழங்குகின்றது. மலாட்டிற்கு அண்மையதாகிய அருவாநாட்டார் சிறுகுளத்தைக் 'கேணி' என்ப என்றனர். அச்சொல் இன்று அகராதிகளில் திசைச்சொல் என்னும் குறிப்பின்றி நிற்கின்றது. சென்னைத் திருவல்லிக்கேணியின் பெயரிலும் அமர்ந்திருக்கின்றது. வெள்ளிமலைப் பிள்ளையொன்று தன் வீட்டுச் சொல்லைப் பலகையில் எழுதும்போது, அழிப்பதற்கு முன் அச்சொல்லின் பொருளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஆசிரியர், சேனாவரையர் விட்டுச்சென்ற வேலையையே தொடர்ந்து செய்பவராவர்.